பேரிடரில் ஹாம் ரேடியோவை எந்த அளவுக்கு நம்பலாம்?

#1 தெருவிளக்கு

வணக்கம் நண்பர்களே. நான் ஒரு தன்னார்வ மீட்புக் குழுவில் இருக்கிறேன். புயலோ நிலநடுக்கமோ வந்து செல்போன் கோபுரங்கள் படுத்துவிட்டால் எப்படித் தொடர்புகொள்வது என்று திட்டம் எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது.

ஹாம் ரேடியோவை, அதாவது உரிமம் வாங்கிய ஆர்வலர்கள் இயக்கும் அமெச்சூர் வானொலியை, நம்பலாமா என்பதில் குழுவில் இரண்டு கட்சி. "எல்லாம் போனாலும் ஹாம் ரேடியோ நிற்கும்" என்கிறது ஒன்று. "அது தாத்தா காலத்துப் பொழுதுபோக்கு, நாலு சாட்டிலைட் போன் வாங்கினால் முடிந்தது" என்கிறது இன்னொன்று. எனக்கு இரண்டுமே விளம்பர வாசகம் மாதிரிதான் கேட்கிறது.

எங்கள் தேவை இவ்வளவுதான். குழுவினர் தங்களுக்குள் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் சுற்றளவில் பேச வேண்டும். அப்புறம் சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கட்டுப்பாட்டு அறைக்குச் செய்தி போய்ச் சேர வேண்டும். எங்களில் சிலரிடம் உரிமம் இருக்கிறது. சாகசக் கதைகளை ஏற்கெனவே நிறையப் படித்துவிட்டேன். எங்கே, ஏன் கைவிட்டது என்று சொன்னால்தான் எனக்கு உதவும்.

#2 மின்னல்வேகம்

இதில் சந்தேகம் என்ன? 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது அந்தமானில் என்ன நடந்தது என்று பாருங்கள். போன் இல்லை, ஒன்றும் இல்லை. போர்ட் பிளேரில் இருந்த ஹாம்கள்தான் வெளியுலகத்தோடு பேசினார்கள். தீவில் இருந்தவர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்ற செய்தி எத்தனையோ குடும்பங்களுக்கு அவர்கள் வழியாகத்தான் போனது. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

#3 கோபுரம்

நான் தொலைத்தொடர்புத் துறையில் வேலை பார்ப்பவன். கோபுரம் விழுந்தால் திட்டு வாங்கும் கட்சி. அதனால் கொஞ்சம் எதிர்வாதம் செய்கிறேன், கோபிக்க வேண்டாம்.

மின்னல்வேகம் சொன்ன அந்தமான் கதையின் முன்பாதியையும் சொல்ல வேண்டும். அங்கே ஹாம்கள் பேரிடருக்காகப் போய் உட்கார்ந்திருக்கவில்லை. அந்தமானில் இருந்து அமெச்சூர் வானொலி ஒலிப்பது மிக அபூர்வம் என்பதால், உலகம் முழுக்க உள்ள ஹாம்களுக்கு அந்தத் தொடர்பைக் கொடுப்பதற்காக பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு அனுமதி வாங்கிக்கொண்டு அந்த மாதத் தொடக்கத்திலேயே போயிருந்தது. கருவி, ஆன்டெனா, கைதேர்ந்த ஆள் எல்லாம் தயாராக இருந்த நேரத்தில் சுனாமி வந்தது. அவர்கள் செய்த வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரு மாதம் முன்போ பின்போ வந்திருந்தால்? அதை நம்பகத்தன்மைக்குச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. அது அதிர்ஷ்டம்.

ஹாம் நண்பர்கள் சொல்லும் கதைகள் எல்லாமே தொடர்பு கிடைத்த கதைகள்தான். கிடைக்காதவனுடைய கதை நம் காதுக்கு வரவே வராது. அவனால்தான் பேச முடியவில்லையே.

#4 சிற்றலை

கோபுரம் சொன்னதில் அந்தக் கடைசி வரி முக்கியம். நாற்பது மீட்டர் பட்டையில் (7 மெகாஹெர்ட்ஸ்) பல வருடமாக உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் நானே ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் தெருவிளக்கு, உங்கள் கேள்வியில் இரண்டு வேறு வேறு வேலைகள் இருக்கின்றன. ஹாம் ரேடியோ என்று ஒரே பெயரில் சொல்வதால் குழப்பம் வருகிறது.

பதினைந்து கிலோமீட்டருக்குள் பேசுவது 144 மெகாஹெர்ட்ஸ் பக்கம் உள்ள விஎச்எஃப் வேலை. அது ஏறத்தாழ நேர்க்கோட்டில்தான் போகும். கட்டடம், மேடு, ஈரமான மரங்கள் எல்லாம் அதற்கு எதிரி. கையில் பிடிக்கும் 5 வாட் செட்டில் அதோடு வந்த குட்டை ரப்பர் ஆன்டெனாவை வைத்துக்கொண்டு தரையில் நின்று பேசினால் இரண்டு, மூன்று கிலோமீட்டர் கிடைப்பதே சில இடங்களில் பெரிய விஷயம். அதே செட்டை, எட்டுப் பத்து மீட்டர் கம்பத்தில் ஏற்றிய கால் அலை ஆன்டெனாவோடு இணைத்தால் (நடுக்கம்பி அரை மீட்டர்கூட வராது, வீட்டிலேயே செய்யலாம்) கதையே மாறிவிடும். வாட்டைக் கூட்டுவதை விட உயரத்தைக் கூட்டுவதுதான் இங்கே பலன் தரும்.

200 கிலோமீட்டர் என்பது சிற்றலை வேலை. 3.5 அல்லது 7 மெகாஹெர்ட்ஸ். அங்கே விதி தலைகீழ். ஆன்டெனா தாழ்வாக இருக்க வேண்டும். இதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், நீளும்.

#5 அரைவாட்

சார், நான் ஆன்லைனில் ஒரு சீன வாக்கிடாக்கி வாங்கி வைத்திருக்கிறேன். பெட்டியில் 20 கி.மீ. என்று போட்டிருந்தது. சார்ஜ் போட்டு மேசை டிராயரில் வைத்துவிட்டேன். அவசரத்துக்கு அது போதாதா?

#6 கோபுரம்

பெட்டியில் போட்டிருப்பது இரண்டு மலை உச்சிகளுக்கு நடுவில் உள்ள தூரமாக இருக்கும். :)

#7 சிற்றலை

அரைவாட், டிராயரில் இருக்கும் செட் யாரோடு பேசும்? எந்த அதிர்வெண்ணில், எந்த நேரத்தில், மறுமுனையில் யார் கேட்டுக்கொண்டிருப்பார் என்று தெரியாத செட் வெறும் டார்ச் லைட்தான். (அந்த மாடலில் டார்ச் லைட்டும் இருக்கும், அது நன்றாகவே வேலை செய்யும்.) முதலில் உரிமத் தேர்வு எழுதுங்கள். தேர்வுக்காகப் படிப்பது ஒரு பக்கம். அதைவிட, வாராந்திர நெட்டில் (குறித்த நேரத்தில் ஒரே அதிர்வெண்ணில் எல்லோரும் கூடிப் பேசுவது) சேர்ந்து நாலு பேர் குரலைப் பழகுவீர்கள். அதுதான் ஆபத்து நேரத்தில் கைகொடுக்கும்.

#8 மலைமேடு

நான் எங்கள் கிளப்பின் ரிப்பீட்டரை (உயரத்தில் நின்று, வரும் குரலை வாங்கித் திரும்ப ஒலிபரப்பும் நிலையம்) பராமரிப்பவர்களில் ஒருவன். ரிப்பீட்டரை நம்பித் திட்டம் போடாதே என்று எல்லோரும் சொல்வார்கள். அது முழு உண்மையில்லை, ஆனால் காரணம் இருக்கிறது.

சாதாரண நாளில் ரிப்பீட்டர் சும்மா கேட்டுக்கொண்டிருக்கும். ஒரு ஆம்பியர் அளவில் இழுக்கும், காலையிலும் மாலையிலும் கொஞ்ச நேரம் யாராவது பேசுவார்கள். பேட்டரியை அந்தக் கணக்குக்குத்தான் போட்டிருப்பார்கள். பேரிடர் நாளில் ஒரு நிமிடம்கூட ஓயாமல் பேச்சு ஓடும். ஒலிபரப்பும்போது 10 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 ஆம்பியர்-அவர் பேட்டரியில் பயன்படக்கூடியது 80 என்றால், எட்டு மணி நேரத்தில் ஆட்டம் முடிந்தது. மெயின் கரண்ட் இல்லை, வானம் கறுத்துக் கிடப்பதால் சோலார் பேனலிலும் ஒன்றும் வராது. சுமை ஏறுவதும் வரவு நிற்பதும் ஒரே நாளில். ஒலிபரப்பு வாட்டைப் பாதியாகக் குறைக்கும் வசதி வைத்திருந்தால் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கலாம். பல இடங்களில் அதை யோசிப்பதே இல்லை.

இன்னொன்று, கண்ணால் பார்த்தது. ஒரு மழைக்காலத்துக்கு முன் பெட்டியைத் திறந்தால் உள்ளே குளவி மண்கூடு கட்டியிருந்தது, மின்விசிறி சுற்றவில்லை. வெளியே ஆன்டெனாவில் இருந்து இறங்கும் கேபிளின் கனெக்டரைக் கழற்றினால் ஒரு சொட்டு பச்சைத் தண்ணீர் விழுந்தது. செம்பு அரித்த தண்ணீர். பார்வைக்கு டேப் எல்லாம் ஒழுங்காகத்தான் சுற்றியிருந்தது. ஆனால் மேலிருந்து கீழாகச் சுற்றியிருக்கிறார்கள். ஒவ்வொரு மடிப்பும் மேல்நோக்கி வாய் திறந்து தண்ணீரை உள்ளே வாங்கியிருக்கிறது. கீழிருந்து மேலாகச் சுற்றினால் ஓட்டுக்கூரை போல மேல்மடிப்பு கீழ்மடிப்பை மூடும், தண்ணீர் வழிந்து போய்விடும். இவ்வளவு சின்ன விஷயம்தான். ரிப்பீட்டர் அன்றாடம் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. தூரத்துப் பயனர்கள் மட்டும் "கொஞ்ச நாளாகவே மங்கலாகக் கேட்கிறது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

#9 மின்னல்வேகம்

அப்படியானால் ஹெலீன் சூறாவளியை என்ன சொல்வீர்கள்? 2024 செப்டம்பர் கடைசியில் வட கரோலைனாவின் மேற்கு மலைப்பகுதியே துண்டிக்கப்பட்டபோது மவுண்ட் மிட்செல் மலை ரிப்பீட்டர் ஒலித்துக்கொண்டேதானே இருந்தது. அதில்தான் சாலை நிலவரம், மருந்து, உறவினர் நலம் எல்லாம் போனது.

#10 மலைமேடு

சரியான உதாரணம்தான், நான் மறுக்கவில்லை. 2,000 மீட்டருக்கு மேல் உயரமுள்ள சிகரம் என்பதால் வெள்ளம் அதைத் தொட வாய்ப்பில்லை. அதோடு, அன்றாடம் ஆள் புழங்கும் ரிப்பீட்டர் அது. யாராவது எப்போதும் அதில் இருப்பார்கள். அதனால் நெட் உடனே கூடியது. "ரிப்பீட்டரை நம்பாதே" என்பதை நான் இப்படித்தான் எடுத்துக்கொள்வேன்: இருந்தால் பயன்படுத்து, இல்லாவிட்டால் எந்த நேரடி அதிர்வெண்ணுக்கு எல்லோரும் போவது என்பதை இப்போதே காகிதத்தில் எழுதிச் செட்டின் பின்னால் ஒட்டிவை.

#11 கோபுரம்

ஹெலீனையே எடுத்துக்கொள்வோம். அதே பகுதியில் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இன்டர்நெட் தட்டுகளும் வந்து இறங்கின. ஒரு தட்டை வைத்தால் ஒரு முகாமில் உள்ள அத்தனை பேரும் வாட்ஸ்அப்பில் வீட்டுக்குப் பேசலாம், படம் அனுப்பலாம். சிற்றலையில் நூறு பேருடைய நலச்செய்தியை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்ட எவ்வளவு நேரம் ஆகும்? இப்போது சில போன்களிலேயே செயற்கைக்கோளுக்கு நேராக அவசரச் செய்தி அனுப்பலாம். ஐபோனில் 2022 நவம்பரிலேயே வந்துவிட்டது. தெருவிளக்கு குழுவில் சாட்டிலைட் போன் கேட்பவர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை.

#12 சிற்றலை

முட்டாள்கள் என்று யாரும் சொல்லவில்லையே. நான் திட்டம் போட்டால் சாட்டிலைட் கருவி ஒன்றைக் கட்டாயம் சேர்ப்பேன்.

கரண்ட் கணக்கை மட்டும் பார்ப்போம். ஸ்டார்லிங்க் தட்டு சாதாரணமாக 50 முதல் 75 வாட் வரை இழுக்கும். 12 வோல்ட்டில் சுமார் 5 ஆம்பியர். நாள் முழுக்க ஓடினால் 120 ஆம்பியர்-அவர். நூறு வாட் சிற்றலை செட் கேட்கும்போது 1 ஆம்பியர், பேசும்போது சராசரியாக 9 என்று வையுங்கள். மணிக்குப் பத்து நிமிடம் பேசினால் மணிக்கு 2.3, நாளுக்கு 56 வரும். 5 வாட் கையடக்கச் சிற்றலை செட்டாக இருந்தால் நாளுக்கு 13, 14 ஆம்பியர்-அவரில் முடித்துவிடலாம். சாதாரண ஈய-அமில பேட்டரி என்றால் எழுதியிருப்பதில் பாதியைத்தான் எடுக்க வேண்டும், அதையும் கணக்கில் சேருங்கள்.

100 வாட்டில் இருந்து 25 வாட்டுக்கு இறக்கினால் மறுமுனையில் குறைவது 6 டெசிபெல். அவருடைய சிக்னல் மீட்டரில் முள் ஒரே ஒரு எஸ் அளவு இறங்கும், அவ்வளவுதான். ஆனால் உங்கள் பேட்டரி மறுநாளும் உயிரோடு இருக்கும். புதிதாக வருபவர்கள் எல்லோரும் வாட்டைக் கூட்டத்தான் பார்க்கிறார்கள்.

#13 கோபுரம்

தட்டை நாள் முழுக்க ஓட்ட வேண்டும் என்று யார் சொன்னது? மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் போட்டு அணைக்கலாமே. கணக்கு உங்கள் பக்கம் சாய்ந்தே வருகிறது. :)

#14 சிற்றலை

நியாயம்தான். ஆனால் அணைத்து வைத்த நேரத்தில் உங்களை யாரும் கூப்பிட முடியாது. கேட்டுக்கொண்டே இருப்பது சிற்றலையில் மலிவு.

சரி, வாக்குக் கொடுத்தபடி 200 கிலோமீட்டர் விஷயத்துக்கு வருகிறேன். ஹாம்களிலேயே பலர் சறுக்கும் இடம் இதுதான்.

14 மெகாஹெர்ட்ஸில் உயரமான ஆன்டெனா வைத்தவர் 2,000 கிலோமீட்டர் தாண்டி அழகாகப் பேசுவார். 200 கிலோமீட்டரில் இருப்பவருக்கு அவர் குரல் கேட்கவே கேட்காது. தரையை ஒட்டிப் போகும் அலை அங்கே போவதற்குள் மங்கிவிடும். அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் அலை அவர் தலையைத் தாண்டி எங்கோ போய் இறங்கும். நடுவில் ஒரு செவிட்டு வளையம். பேரிடரில் உங்களுக்கு வேண்டிய ஆள் பெரும்பாலும் அந்த வளையத்துக்குள்தான் இருப்பார்.

இதற்கு வழி, அலையை ஏறத்தாழ செங்குத்தாக மேலே அனுப்புவது. 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு டைபோல் என்றால் பக்கத்துக்கு 10 மீட்டராக இரண்டு கம்பி. அதை மூன்று முதல் ஐந்து மீட்டர் உயரத்தில், இரண்டு மரத்துக்கு நடுவில் துணி காயப்போடும் கொடி மாதிரி கட்டினால் போதும். அலை நேரே ஏறி, குடை விரித்தாற்போல் இறங்கும். 300, 400 கிலோமீட்டர் வரை இடைவெளி இல்லாமல் மூடும். மலை குறுக்கே நின்றாலும் கவலையில்லை, மேலிருந்துதானே வருகிறது.

ஆனால் பகலில் சரியாக இருந்த 7 மெகாஹெர்ட்ஸ் இருட்டிய பின் காலை வாரும். அயனி மண்டலத்தின் அடர்த்தி குறைய, செங்குத்தாகப் போன அலை திரும்பாமல் விண்வெளிக்கே போய்விடும். நூறு கிலோமீட்டரில் இருந்தவர் மறைந்து, ஆயிரம் கிலோமீட்டரில் இருப்பவர்கள் சத்தமாகக் கேட்கத் தொடங்கினால் அதுதான் அறிகுறி. அப்போது 3.5க்கு இறங்க வேண்டும். பகலில் 3.5 சரிப்படாது, கீழ் அடுக்கு அதை உறிஞ்சிவிடும். ஆக ஒரு அதிர்வெண்ணை மட்டும் எழுதி வைத்த திட்டம் ராத்திரியில் ஊமையாகிவிடும்.

#15 தெருவிளக்கு

இதுதான் எனக்கு வேண்டியது, நன்றி. சூரியனால் மொத்தமாகவே அடைத்துக்கொள்ளும் என்கிறார்களே, அது எவ்வளவு நிஜம்?

#16 சிற்றலை

நிஜம்தான், நல்ல உதாரணமும் இருக்கிறது. 2017 செப்டம்பர் 6 அன்று இர்மா சூறாவளி கரீபியன் தீவுகளை அடித்துக்கொண்டிருந்தது. அதே நாளில் சூரியனில் எக்ஸ் 9.3 அளவு வெடிப்பு, அந்தச் சூரியச் சுழற்சியிலேயே பெரியது. பகல் பக்கத்தில் இருந்த பூமி முழுக்கச் சிற்றலை அடைபட்டது. 14.325 மெகாஹெர்ட்ஸில் சூறாவளிகளுக்கென்றே 1965 முதல் இயங்கும் நெட் ஒன்று இருக்கிறது. அவர்கள் வேலையே இதுதான், அவர்களுக்கும் சிரமமாகிவிட்டது.

இந்த மாதிரி அடைப்பு பொதுவாகச் சில நிமிடங்களில் இருந்து ஓரிரு மணி நேரம் வரை நீடிக்கும், இரவுப் பக்கத்தை அது தொடாது. கீழ் அதிர்வெண்கள் முதலில் சாகும், கடைசியில் மீளும். காந்தப் புயல் வேறு ரகம், அது நாள் கணக்கில் படுத்தும். 2024 மே மாதம் நடந்ததை இங்கே பலரும் அனுபவித்திருப்பீர்கள். கோபுரம் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: ஆமாம், சூறாவளியும் சூரிய வெடிப்பும் ஒரே நாளில் வரலாம், வந்திருக்கிறது.

#17 வார்டுமணி

நான் ஹாம் இல்லை, மருத்துவமனையில் வேலை செய்கிறேன். ஒரு பேரிடர் ஒத்திகையில் ஹாம் நண்பர்கள் வழியாக மருந்துப் பட்டியல் அனுப்பினோம். மூன்று பேர் கைமாறிப் போனது. தொடர்பு தெளிவாகத்தான் இருந்தது, இரைச்சல் கொஞ்சம்தான். நாங்கள் கேட்டது ஐம்பது குப்பி. மறுமுனையில் எழுதியிருந்தது ஒன்பது. ஒத்திகை என்பதால் சிரித்தோம். நம்பகத்தன்மை என்று நீங்கள் எல்லோரும் ஆன்டெனாவைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்தக் காகிதத்தைப் பற்றி யார் பேசுவது?

#18 சிற்றலை

அம்மா, நீங்கள் கேட்டது இந்த இழையிலேயே மிகச் சரியான கேள்வி.

இரைச்சலில் வார்த்தையின் முன்பாதி போய்விடும், "பது" மட்டும் கேட்கும். ஒன்பது, ஐம்பது, இருபது, அறுபது எல்லாம் ஒன்றுதான். அதனால்தான் எண்ணை முழுதாகச் சொன்ன பிறகு "எண்களாக: ஐந்து, சுழியம்" என்று இலக்கம் இலக்கமாகச் சொல்ல வேண்டும். மருந்துப் பெயரை எழுத்தெழுத்தாக, ஆல்ஃபா, பிராவோ என்று சொல்ல வேண்டும். வாங்கியவர் முழுவதையும் திருப்பிப் படித்துக் காட்ட வேண்டும், அனுப்பியவர் "சரி" சொன்ன பிறகுதான் அது அனுப்பிய செய்தி. செய்தியின் தலைப்பில் சொல் எண்ணிக்கை எழுதும் பழைய பழக்கம் இதற்காகத்தான்: இருபத்திரண்டு சொல் என்று சொல்லிவிட்டு இருபத்தொன்று வந்தால் எங்கோ ஒன்று விழுந்துவிட்டது. பார்க்கச் சலிப்பான வேலை. பேசத் தெரிந்த ஹாம்கள் நிறைய, செய்தி எடுக்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம்தான்.

#19 பிட்டுமழை

மருந்துப் பட்டியலைக் குரலில் அனுப்புவதே தவறு. வானொலி வழியே மின்னஞ்சல் அனுப்பும் வின்லிங்க் எதற்கு இருக்கிறது? லேப்டாப்பில் படிவத்தை நிரப்பி அனுப்பினால் ஓர் எழுத்து மாறாமல் போகும். பிழை இருந்தால் மென்பொருளே திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளும். பேரிடருக்கு வெளியே, இன்டர்நெட் உள்ள இடத்தில் இருக்கும் ஒரு நுழைவு நிலையத்தைச் சிற்றலையில் பிடித்தால் போதும், அங்கிருந்து சாதாரண மின்னஞ்சலாகப் போய்விடும். எஃப்டி8 என்ற டிஜிட்டல் முறை ஆட்களைக் கேட்காதீர்கள், 15 நொடிக்கு 13 எழுத்து அனுப்பி யாரையும் காப்பாற்ற முடியாது.

#20 வார்டுமணி

நல்லது. ஆனால் நோயாளி பெயரும் அவர் நிலையும் அதில் போனால்? பூட்டி அனுப்ப முடியுமா?

#21 பிட்டுமழை

முடியாது. பொருளை மறைக்கும் நோக்கத்தில் குறியாக்கம் செய்யக் கூடாது என்பது அமெச்சூர் சேவைக்குச் சர்வதேச விதி. யார் வேண்டுமானாலும் கேட்கலாம். பெயருக்குப் பதிலாக வரிசை எண்ணை அனுப்பிவிட்டு, பெயர்ப் பட்டியலை இரு முனையிலும் காகிதமாக முன்பே வைத்துக்கொள்வதுதான் வழி. அல்லது அந்த வகைச் செய்தியைக் கோபுரத்தின் சாட்டிலைட் போனுக்குத் தள்ளிவிடுங்கள்.

#22 அரைவாட்

உரிமம் இல்லாதவர் உயிர் போகும் நிலையில் அழைக்கலாமா, கூடாதா? ஒரு இடத்தில் கூடும் என்கிறார்கள், ஒரு இடத்தில் கூடாது என்கிறார்கள்.

#23 மட்டுறுத்துநர்

இந்தக் கேள்வி வந்தாலே சண்டை வரும், அதனால் சுருக்கமாக. சர்வதேச வானொலி விதிகளின்படி, ஆபத்தில் சிக்கிய நிலையமும் அதற்கு உதவும் நிலையமும் தன் இடத்தைத் தெரிவித்து உதவி பெறக் கையில் உள்ள எந்த வானொலி வழியையும் பயன்படுத்துவதை எந்த விதியும் தடுக்காது. உள்நாட்டுச் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், அதை உங்கள் நாட்டில் பாருங்கள். ஆனால் "ஆபத்தில் அனுமதி உண்டு" என்பதைக் காரணம் காட்டி உரிமம் இல்லாமல் ஒத்திகை பார்ப்பது செல்லாது. உரிமம் உள்ளவர்களுக்கு 2003 உலக வானொலி மாநாட்டுக்குப் பின் வழி இன்னும் அகலம்: பேரிடரில் மூன்றாம் நபருக்காகச் சர்வதேசச் செய்தி அனுப்பலாம். அதற்கு ஹாம்களைத் தயார்ப்படுத்தும்படி அரசுகளையும் அந்த விதி ஊக்குவிக்கிறது.

#24 கோபுரம்

கட்டுப்பாட்டு அறைப் பக்கத்தில் இருந்து ஒன்று சொல்கிறேன். புயல் முடிந்த மறுநாள் காலையில், யாரும் அழைக்காமல், காரில் நாலு ஆன்டெனாவோடு வந்து இறங்கும் நண்பர்களைப் பார்த்திருக்கிறேன். நல்ல மனசு, சந்தேகமில்லை. சாப்பாடும் படுக்கையும் தண்ணீரும் கேட்பார்கள். அதுவும் நாங்கள் பார்க்க வேண்டும். அறைக்குள் யாருக்கும் அவரைத் தெரியாது. அவர் எடுத்து வரும் செய்தியை எந்த அதிகாரியின் மேசையில் வைப்பது என்று அவருக்கும் தெரியாது. 200 கிலோமீட்டர் தாண்டி வந்த செய்தி வாசலில் நின்றுவிடும்.

மரியா சூறாவளிக்குப் பின் 2017இல் புவேர்ட்டோ ரிக்கோவில் 95 சதவீத செல்போன் நிலையங்கள் செயலிழந்தபோது அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் ஹாம்கள் சங்கத்திடம் ஆள் கேட்டது. கேட்டபின் போனார்கள், என்ன வேலை என்று தெரிந்து போனார்கள். அந்த முறையில் எனக்கு மறுப்பே இல்லை.

#25 மின்னல்வேகம்

இதை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அழைப்பு வரும்வரை உட்கார்ந்திருந்தால் அழைப்பதற்கே வழி இல்லாத இடங்கள் இருக்கின்றன, அதையும் நினைவில் வையுங்கள். துண்டிக்கப்பட்ட இடத்தில் ஏற்கெனவே வசிக்கும் ஹாம்தான் முதல் நாளின் ஆள். வெளியிலிருந்து வருபவர் மூன்றாம் நாளுக்கு.

#26 மலைமேடு

அதே, அதே. திட்டம் எழுதும்போது கார் ஓட்டி வருபவர்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள் தெருவிளக்கு. அன்று சாலை இருக்காது.

இன்னொரு சின்ன விஷயம். கரண்ட் மொத்தமாகப் போன இரவில் சிற்றலையைப் போட்டுப் பாருங்கள், அவ்வளவு அமைதி. எல்ஈடி பல்பு, சார்ஜர், டிவி எல்லாவற்றின் இரைச்சலும் காணாமல் போயிருக்கும். அரை மணி நேரத்தில் பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர் ஓடும், பழைய இரைச்சல் திரும்ப வரும். முகாமில் சோலார் கன்ட்ரோலரும் மலிவு இன்வெர்ட்டரும் ஆன்டெனாவுக்கு அடியிலேயே இருந்தால், எவ்வளவு நல்ல செட்டாக இருந்தாலும் காது அடைத்துவிடும். கேட்கும் நேரத்தில் அவற்றை அணைக்க யாருக்கு அதிகாரம் என்பதையும் முன்பே பேசி வைக்க வேண்டும். போன் சார்ஜ் போட வரிசையில் நிற்பவர்களிடம் அப்போது போய்க் கேட்டால் அடிதான் விழும்.

#27 தெருவிளக்கு

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவையும் படித்துவிட்டு எங்கள் குழுவில் பேசினேன். வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு சோதனை வைக்கிறோம். மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, காலையில் இருந்து இரவு வரை பேட்டரியில் மட்டும். தாழ்வான டைபோல் ஒன்று கட்டப் போகிறோம். கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் உட்கார ஒப்புக்கொண்டிருக்கிறார், அவர் ஹாம் இல்லை, ஆனால் செய்தியை வாங்கி உரிய மேசைக்குக் கொண்டுபோவார். அங்கே செட்டை இயக்க உரிமம் உள்ள ஒருவர் கூட இருப்பார். வார்டுமணி, உங்கள் மருந்துப் பட்டியல் மாதிரி ஒன்றைத் தர முடியுமா? பெயர்களை மாற்றி.

#28 வார்டுமணி

தருகிறேன். ஐம்பது, ஒன்பது இரண்டும் இருக்கும்படி தருகிறேன். :)

#29 கோபுரம்

அதே பட்டியலைச் சாட்டிலைட் போனிலும் அனுப்புங்கள். வெட்டவெளியில் ஒருமுறை, கட்டட வாசலில் நின்று ஒருமுறை. எதில் எவ்வளவு நேரம், எத்தனை பிழை என்று இங்கே போடுங்கள். நான் தோற்றாலும் பரவாயில்லை, எண்களைப் பார்க்க வேண்டும்.

#30 சிற்றலை

டைபோல் கட்டும்போது மின்கம்பிகளிடம் இருந்து தள்ளிக் கட்டுங்கள், கம்பி அறுந்து விழுந்தாலும் தொடாத தூரம். பேட்டரி முனையிலேயே ஃபியூஸ் போடுங்கள், செட் பக்கத்தில் மட்டும் போதாது. பகலில் 7.1க்குப் பக்கம் காலியான இடம் பாருங்கள், 7.110 நம் பகுதியில் அவசரத் தொடர்புக்கான மைய அதிர்வெண், அதைச் சோதனைக்கு அடைக்க வேண்டாம். இருட்டியதும் 3.5 பக்கம் வந்துவிடுங்கள். மாலை ஆறரைக்கு மேல் நான் இரண்டிலும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருப்பேன். நேரடியாகக் கிடைக்கவில்லை என்றால் கூப்பிடுங்கள், ரிலே எடுத்துத் தருகிறேன். பட்டியலை எனக்கு முன்கூட்டியே அனுப்பிவிடாதீர்கள்.